அங்கியும் முக்காடும்: பிரான்சின் மதச்சார்பின்மை யாரோடு செய்த உடன்பாடு?

"கிறிஸ்தவம் நவீன உலகத்தோட ஒத்துப்போயிட்டுது; இஸ்லாம்தான் இன்னும் ஒத்துப்போகேல்லை." இந்த வசனத்தை நீங்கள் எத்தனையோ தரம் கேட்டிருப்பீர்கள். முகநூல் விவாதத்தில் வரும், தேத்தண்ணிக் கடையில் வரும், படித்தவர்களின் கருத்தரங்கிலும் வரும். சொல்பவர்கள் எல்லோரும் வெறுப்போடு சொல்வதில்லை. பலருக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிகிற உண்மை மாதிரித்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் தேவாலயம் இருக்கிறது, அதனால் யாருக்கும் பிரச்சினை இல்லை. முக்காடு வந்தால்தான் சண்டை வருகிறது. அப்ப பிழை யாரில் எண்டு கேட்டால், பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

இந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான நாடு பிரான்ஸ். மதச்சார்பின்மையைத் தன் அடையாளமாகவே வைத்திருக்கும் நாடு அது. 1958 அரசியலமைப்பின் முதலாவது உறுப்புரையே பிரான்ஸ் ஒரு மதச்சார்பற்ற குடியரசு என்று சொல்கிறது. அவர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் 'லாயிசிதே'. எங்கட சொந்தக்காரர் கனபேர் அங்கே இருப்பதால், முக்காடு, அபாயா பற்றிய செய்திகள் எங்களுக்கும் வந்து சேர்கின்றன. ஆனால் அதற்கு முந்தின கதை வந்து சேர்வதில்லை. அந்தக் கதையில், நூறு வருசத்துக்கு மேல் குடியரசோடு ஒத்துப்போக மறுத்த மதம் கத்தோலிக்கம்.

ஒத்துப்போக மறுத்த திருச்சபை

1789 புரட்சிக்கு முந்திய பிரான்சில் கத்தோலிக்கத் திருச்சபை வெறும் மத நிறுவனம் இல்லை. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பங்குக் கோயிலின் பதிவேட்டில்தான் எழுதப்பட்டன. கல்வியும் வைத்தியமும் பெரும்பாலும் அதன் கையில்தான் இருந்தன. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் புரொட்டஸ்தாந்து மதத்தினருக்கு இருந்த வழிபாட்டுரிமையைப் பறித்தபோது, பெருந்தொகையானவர்கள் நாட்டை விட்டே ஓடினார்கள்.

புரட்சி இந்த ஏற்பாட்டை உடைத்தது. 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துகள் தேசத்தின் சொத்தாக்கப்பட்டன. 1790இல் வந்த சட்டம் குருமாரைச் சம்பளம் வாங்கும் அரச ஊழியர்களாக்கியது. பிறகு அவர்களை அரசியலமைப்புக்குச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். பங்குக் குருமாரில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் மறுத்தார்கள். 1793இல் மேற்குப் பிரான்சின் வொந்தே பகுதியில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு எதிரான கோபமும் மதக் கோபமும் சேர்ந்து உள்நாட்டுப் போராக வெடித்தது. அதை அடக்கும்போது நடந்த கொலைகள் பற்றிப் பிரெஞ்சுக்காரர் இன்றைக்கும் தர்க்கப்படுகிறார்கள்.

1801இல் நெப்போலியன் பாப்பரசரோடு ஓர் ஒப்பந்தம் செய்து சண்டையை ஆறப்போட்டார். ஆயர்களை அரசு நியமிக்கும், குருமாருக்கு அரசு சம்பளம் கொடுக்கும், திருச்சபை அரசுக்கு விசுவாசமாக இருக்கும். ஆனால் அடியில் நெருப்பு அணையவில்லை. 1864இல் பாப்பரசர் ஒன்பதாம் பயஸ், நவீன காலத்தின் பிழைகள் என்று 80 கருத்துகளைப் பட்டியலிட்டுக் கண்டித்தார். திருச்சபையும் அரசும் பிரிந்திருக்க வேண்டும் என்ற கருத்து அதில் ஒன்று. முன்னேற்றத்தோடும் தாராளவாதத்தோடும் நவீன நாகரிகத்தோடும் பாப்பரசர் சமரசம் செய்யலாம் என்பது பட்டியலின் கடைசிப் பிழை. அதாவது, 'நவீன உலகத்தோடு ஒத்துப்போக முடியாது' என்பதை வெளியில் இருந்து யாரும் கத்தோலிக்கத்தின் மேல் சுமத்தவில்லை. அதன் தலைவரே எழுத்தில் அறிவித்தார்.

1870களில் மூன்றாம் குடியரசு வந்தபோது பல கத்தோலிக்கத் தலைவர்கள் மன்னராட்சி திரும்ப வரும் எண்டு காத்திருந்தார்கள். குடியரசுவாதிகள் திருச்சபையை எதிரியாகவே பார்த்தார்கள். சண்டைக்களம் பாடசாலை. 1881, 1882 சட்டங்கள் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கி, கட்டாயமாக்கி, பாடத்திட்டத்திலிருந்து மதபோதனையை எடுத்தன. ஆனால் அதே 1882 சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது: பெற்றோர் விரும்பினால் பிள்ளைகளுக்கு வெளியில் மறைக்கல்வி கொடுக்கட்டும் என்பதற்காக, ஞாயிறு தவிர இன்னொரு நாளும் பாடசாலைக்கு விடுமுறை. கடும் சண்டைக்கு நடுவிலும் மதத்துக்கு ஓர் இடம் ஒதுக்கித்தான் சட்டம் எழுதினார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை இன்னும் இறுகியது. பிரதமராக வந்த எமில் கோம்ப் இளவயதில் குருமடத்தில் படித்தவர். பிறகு திருச்சபையின் கடும் எதிரியாக மாறியவர். 1903இல் ஷார்த்ரூஸ் துறவிகளை அவர்களின் மலைமடத்திலிருந்து படையினரை வைத்து வெளியேற்றினார்கள். 1904இல் துறவற சபைகள் கல்வி கற்பிப்பதே தடைசெய்யப்பட்டது. ஆயிரக்கணக்கான துறவிகளும் அருட்சகோதரிகளும் வெளிநாடு போனார்கள். அதே வருசம் பிரான்ஸ் வத்திக்கானோடு இருந்த இராஜதந்திர உறவையும் முறித்தது.

அங்கியைத் தடைசெய்யலாமா?

இந்தச் சூட்டில்தான் 1905 சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. விவாதத்தின்போது ஷார்ள் ஷபேர் என்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: குருமார் பொது இடத்தில் நீண்ட அங்கி போட்டுத் திரிவதைத் தடைசெய்ய வேண்டும். இது திடீரென்று வந்த யோசனை இல்லை. பாரிஸ் ஓரத்தில் உள்ள கிரெம்லின்-பிசேத்ர் நகரின் மேயர் 1900இலேயே தன் எல்லைக்குள் அங்கியைத் தடைசெய்திருந்தார்.

ஷபேர் சொன்ன காரணங்களை இன்றைக்குக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அங்கி வெறும் துணி இல்லை, அது ஓர் அரசியல் அடையாளம். அது போடுபவரை மற்ற மனிதரிடமிருந்து பிரித்து வைக்கிறது, அவரை அடிமைப்படுத்துகிறது. ஆகவே அதைக் கழற்ற வைப்பது அவரை விடுவிப்பதுதான். 'அங்கி' வரும் இடமெல்லாம் 'முக்காடு' எண்டு மாற்றிப் போட்டு வாசித்துப் பாருங்கள்.

சட்டமூலத்தைக் கொண்டுசென்ற அரிஸ்தீத் பிரியான் கத்தோலிக்கர்களின் நண்பர் இல்லை. ஆனாலும் அவர் இந்தத் திருத்தத்தை எதிர்த்தார். சுதந்திரத்தை நிலைநாட்ட வந்த சட்டம் குருமாரின் உடுப்பின் வெட்டை மாற்றச் சொன்னால் அது கேலிக்கூத்தாகும் என்பது அவர் வாதம். அங்கியைத் தடைசெய்தால், குருமாரும் தையற்காரரும் சேர்ந்து புதிதாக ஓர் உடுப்பைக் கண்டுபிடிப்பார்கள், அதற்குப் பின்னாலும் சட்டம் ஓடவேண்டி வரும் என்றும் எச்சரித்தார். திருத்தம் தோற்றது.

1905 டிசம்பர் 9இல் நிறைவேறிய சட்டத்தின் முதல் உறுப்புரை, குடியரசு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது, வழிபாட்டுச் சுதந்திரத்தைப் பாதுகாக்கிறது என்று தொடங்குகிறது. இரண்டாவது உறுப்புரையில்தான், குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, சம்பளம் கொடுக்காது, மானியம் கொடுக்காது எண்டு வருகிறது. அதிலும் பாடசாலை, வைத்தியசாலை, சிறைச்சாலைகளில் ஆன்மிகப் பணியாளருக்குச் செலவழிக்கலாம் என்று விலக்கு இருக்கிறது. இந்தச் சட்டம் கட்டுப்படுத்தியது அரசை. தனிமனிதன் என்ன உடுத்தலாம், எப்படிக் கும்பிடலாம் எண்டு அது சொல்லவில்லை.

கத்தோலிக்கர் இதையும் உடனே ஏற்கவில்லை. 1906இல் கோயில்களின் பொருட்களைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தபோது மக்கள் கதவை அடைத்துக்கொண்டு எதிர்த்தார்கள். வடக்கே ஒரு கிராமத்தில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதோடு அரசாங்கமே கவிழ்ந்தது. பாப்பரசர் பத்தாம் பயஸ் சட்டத்தைக் கண்டித்து, அதன்படி சங்கங்கள் அமைக்கவேண்டாம் என்று கத்தோலிக்கருக்குத் தடை போட்டார். சட்டத்தை மதிக்க மறுத்த மதத்தை அரசு என்ன செய்தது? கோயில்களைப் பூட்டவில்லை. 1907இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து, சங்கம் இல்லாவிட்டாலும் கோயில்களை விசுவாசிகள் பாவிக்கலாம் என்று விட்டது. 1921இல் வத்திக்கானோடு உறவு திரும்பியது. 1924இல் ஆயர்களின் தலைமையை ஏற்கும் மறைமாவட்டச் சங்கங்கள் என்ற ஏற்பாட்டுக்கு இரண்டு பக்கமும் உடன்பட்டன.

அந்த உடன்பாட்டின் பலன் இன்றைக்கும் இருக்கிறது. 1905க்கு முன் கட்டிய பேராலயங்கள் அரசின் சொத்து, பங்குக் கோயில்களில் பெரும்பாலானவை உள்ளூராட்சியின் சொத்து. திருத்த வேலைக்குப் பொதுப்பணத்தைச் செலவழிக்கலாம். கத்தோலிக்கர் வாடகையில்லாமல் பாவிக்கிறார்கள். 2019இல் எரிந்த நோத்ர்-தாம் பேராலயத்தின் சொந்தக்காரர் அரசுதான். 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசோடு ஒப்பந்தம் செய்த தனியார் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பாடசாலைகள். நாட்டின் 11 பொது விடுமுறைகளில் 6 கிறிஸ்தவத் திருநாட்களோடு சேர்ந்தவை. அல்சாஸ், மொசெல் பகுதிகள் 1905இல் ஜெர்மனியின் கீழ் இருந்ததால், அங்கே இன்றைக்கும் நெப்போலியன் கால ஒழுங்கின்படி கத்தோலிக்க, புரொட்டஸ்தாந்து, யூத மதகுருமாருக்கு அரசே சம்பளம் கொடுக்கிறது. அந்த ஒழுங்கில் இஸ்லாம் இல்லை.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. சண்டை போட்ட இரண்டு பகுதியும் இப்படித்தான் சமாதானத்துக்கு வரும். ஆனால் கிறிஸ்தவம் 'தானாக ஒத்துப்போனது' எண்டு சொல்வது பிழை. அரசும் வளைந்தது, திருச்சபையும் வளைந்தது, அதற்குப் பல தசாப்தங்கள் எடுத்தன.

அல்ஜீரியாவுக்குப் போகாத சட்டம்

இப்ப மற்றப் பக்கத்துக்கு வருவோம். இஸ்லாம் பிரான்சுக்கு 1980களில் குடியேறிகளோடு வந்த புதுச்சாமான் எண்டு நினைப்பவர்கள் அதிகம். 1830இல் பிரான்ஸ் அல்ஜீரியாவைப் பிடித்த நாளிலிருந்து அது பல இலட்சம் முஸ்லிம்களை ஆண்ட அரசு. தலைநகர் அல்ஜியர்ஸில் இருந்த கெச்சாவா பள்ளிவாசலை 1832இல் பறித்துக் கத்தோலிக்கப் பேராலயமாக்கினார்கள். 1962இல் சுதந்திரம் வந்த பிறகுதான் அது திரும்பப் பள்ளிவாசலானது. பள்ளிவாசல்களையும் மதரசாக்களையும் நடத்திய வக்பு சொத்துகளை அரசு தன் வசமாக்கியது.

1865ஆம் ஆண்டுச் சட்டம் அல்ஜீரிய முஸ்லிம்களைப் பிரெஞ்சுப் பிரஜைகள் எண்டு சொன்னது, ஆனால் குடியுரிமை கொடுக்கவில்லை. குடியுரிமை வேண்டுமென்றால் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இஸ்லாமியச் சட்டத்தைக் கைவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். 1870இல் அல்ஜீரிய யூதர்களுக்கு மொத்தமாகக் குடியுரிமை கொடுத்தார்கள், முஸ்லிம்களுக்கு இல்லை. இதில் விசித்திரம் என்னவென்றால், கத்தோலிக்கத்துக்கு மாறிய அல்ஜீரியரும் சட்டத்தின் கண்ணில் 'முஸ்லிம்' ஆகவே இருந்தார். 1903இல் அல்ஜியர்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம், 'முஸ்லிம்' என்ற சொல் வெறும் மதத்தைக் குறிப்பதல்ல, குடியுரிமை பெறாத முஸ்லிம் வம்சாவளியினர் எல்லோரையும் குறிக்கும் என்று தீர்த்தது. மதத்தைக் கண்டுகொள்ளாத குடியரசு, மதம் மாறினாலும் மாறாத ஒரு மத முத்திரையை மனிதர்கள் மேல் குத்தி வைத்திருந்தது.

1905 சட்டம்? 1907இல் ஓர் ஆணை மூலம் அது அல்ஜீரியாவுக்கும் நீட்டப்பட்டது, கடதாசியில் மட்டும். விலக்குகளைப் பாவித்து, இமாம்களுக்குச் சம்பளம் கொடுப்பதையும் பள்ளிவாசல்களைக் கட்டுப்படுத்துவதையும் காலனி நிர்வாகம் விடாமல் தொடர்ந்தது. சம்பளம் கொடுப்பவர்கள் சொல்வதைத்தானே பிரசங்கம் செய்ய வேண்டும்? 1931இல் பென் பாதீஸ் தலைமையில் உருவான அல்ஜீரிய உலமாக்கள் சங்கம் என்ன கேட்டது தெரியுமா? 1905 சட்டத்தை எங்களுக்கும் அமுல்படுத்துங்கள், இஸ்லாத்தை அரசிடமிருந்து பிரித்து விடுங்கள் எண்டு கேட்டது. 1933இல் வந்த ஒரு சுற்றுநிருபம், அரசு நியமிக்காத உலமாக்கள் அரச கட்டுப்பாட்டிலுள்ள பள்ளிவாசல்களில் போதிப்பதைத் தடுத்தது. முஸ்லிம் அறிஞர்கள் மதச்சார்பின்மையைக் கேட்டார்கள்; அதைக் கண்டுபிடித்த அரசு கொடுக்க மறுத்தது.

இன்னொரு பக்கத்தில், முதலாம் உலகப்போரில் பிரான்சுக்காகச் செத்த முஸ்லிம் படையினரின் நினைவு என்று சொல்லி, பாரிஸ் பெரிய பள்ளிவாசலுக்கு 1920இல் அரசு 500,000 பிராங் ஒதுக்கியது. 1926இல் அது திறக்கப்பட்டது. மானியம் கொடுக்காத சட்டம் அமுலில் இருக்கும்போதே இது நடந்தது. வசதிப்பட்டபோது பணம் கொடுப்பதும் வசதிப்பட்டபோது கட்டுப்படுத்துவதும்தான் இஸ்லாத்துக்குக் கிடைத்த ஏற்பாடு. 1924இல் கத்தோலிக்கருக்குக் கிடைத்த மாதிரிச் சமமாக இருந்து பேசிய உடன்பாடு கிடைக்கவில்லை.

பாடசாலை வாசலில்

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வட ஆபிரிக்காவிலிருந்து தொழிலாளர்கள் பெருந்தொகையாக வந்தார்கள். தொழிற்சாலைக்கு ஆட்கள் வேண்டும் என்பதால் கூப்பிடப்பட்டவர்கள்தான். அவர்கள் விடுதி அறைகளிலும் நிலக்கீழ் அறைகளிலும் தொழுதார்கள். வெளிநாட்டவர் சங்கம் அமைக்க அனுமதி பெறவேண்டும் என்ற விதி 1981 வரை இருந்தது. 1905 சட்டமோ வழிபாட்டைச் சங்கங்கள் மூலம் நடத்தச் சொல்லும் சட்டம். பழைய கோயில்களைப் பொதுச்சொத்தாகப் பராமரிக்கும் நாட்டில், புதிதாக வந்த மதம் சொந்தக் காசில் கட்டவேண்டும். வெளிநாட்டுக் காசு வாங்கினால் அதற்கும் சந்தேகம்.

1989 செப்டம்பரில் பாரிசுக்கு வடக்கே கிறேய் நகரில் முக்காட்டைக் கழற்ற மறுத்த மூன்று மாணவிகளைப் பாடசாலை வெளியேற்றியது. நாடே கொதித்தது. அரசின் உயர் நிர்வாக நீதிமன்றமான அரசுப் பேரவை அதே வருசம் நவம்பரில் கருத்துச் சொன்னது: மாணவர் மதச்சின்னம் அணிவது தன்னளவில் மதச்சார்பின்மைக்கு முரண் இல்லை, மற்றவர்களை நெருக்கினால், வகுப்பைக் குழப்பினால் மட்டும் நடவடிக்கை எடுக்கலாம். இது பிரியானின் வழி.

2004 மார்ச்சில் வந்த சட்டம் வேறு வழியில் போனது. அரச பாடசாலைகளில் வெளிப்படையாக மதத்தைக் காட்டும் சின்னங்கள் மாணவருக்குத் தடை. முக்காடு, யூதரின் தொப்பி, பெரிய சிலுவை, சீக்கியரின் தலைப்பாகை எல்லாம் அதில் அடங்கின. இந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்ட ஸ்தாசி ஆணைக்குழு இன்னொரு பரிந்துரையும் செய்திருந்தது: யூதரின் யோம் கிப்பூரையும் முஸ்லிம்களின் ஹஜ்ஜுப் பெருநாளையும் பாடசாலை விடுமுறைகளாக்க வேண்டும். தடை வந்தது, விடுமுறை வரவில்லை. 2010இல் பொது இடத்தில் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. 2023இல் கல்வி அமைச்சர் பாடசாலைகளில் அபாயாவைத் தடைசெய்தார். எந்த நீள உடுப்பு அபாயா, எது சாதாரண நீளச் சட்டை எண்டு பாடசாலை வாசலில் பார்த்துத் தீர்மானிக்கவேண்டி வந்தது. தையற்காரரைப் பற்றி 1905இல் பிரியான் சொன்ன எச்சரிக்கை ஞாபகம் இருக்கிறதா?

இங்கே மாறியது ஒரு முக்கியமான விசயம். மதச்சார்பின்மை முன்பு அரசின் கடமை, அரசின் பெயரில் நிற்கும் ஆசிரியரின் கடமை. இப்போது அது பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கடமையாகவும் ஆகிவிட்டது.

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு

தடையை ஆதரிப்பவர்களின் வாதத்தைக் கேட்காமல் விடமுடியாது. முக்காடு போடும் பிள்ளைகள் எல்லோரும் விரும்பித்தான் போடுகிறார்களா? குடும்பமும் அயலும் நெருக்கும் இடங்கள் உண்டு. தடை தங்களுக்கு மூச்சுவிட இடம் தந்தது என்று சொல்லும் முஸ்லிம் பெண்களும் உண்டு. 2015 நவம்பரில் பாரிசில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். 2016இல் திருப்பலி நடந்துகொண்டிருந்த கோயிலில் ஜாக் ஹமெல் என்ற 85 வயதுக் குருவானவர் கொல்லப்பட்டார். 2020இல் வகுப்பில் கேலிச்சித்திரம் காட்டிய சமுவேல் பத்தி என்ற வரலாற்று ஆசிரியர் தலை வெட்டப்பட்டார். இஸ்லாத்தின் பெயரால் நடந்த இந்தக் கொலைகளைக் காலனித்துவக் கதை சொல்லி மழுப்பக்கூடாது. கொலைகாரரைத் தண்டிப்பதும், கொலைக்குத் தூண்டுபவர்களைத் தடுப்பதும் அரசின் வேலை.

ஆனால் 'அடக்கப்பட்ட பெண்களைக் காப்பாற்றுகிறோம்' என்ற வாதத்துக்கும் பிரான்சில் ஒரு பழைய கதை உண்டு. பெண்கள் குருமாரின் பேச்சைக் கேட்டு வாக்களிப்பார்கள் எண்டு பயந்து, மதச்சார்பின்மையின் காவலர்களான தீவிரக் கட்சியினர் செனற் சபையில் பெண் வாக்குரிமையைத் திரும்பத் திரும்ப மறித்தார்கள். 1944 வரை பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்கு இல்லை. மதத்தின் பிடியில் இருக்கிறாள் எண்டு சொல்லி, பெண்ணின் உரிமையைப் பெண்ணிடமிருந்தே பாதுகாத்தார்கள். நெருக்கப்படும் பிள்ளைக்கு உதவி வேண்டும், உண்மைதான். ஆனால் அவளைப் பாடசாலையை விட்டு அனுப்புவது எந்த வகை உதவி?

எங்களுக்கு என்ன?

இலங்கை மதச்சார்பற்ற நாடு இல்லை. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. இருந்தாலும் மேலே சொன்ன வசனம் இங்கேயும் ஓடித்திரிகிறது. 1960இல் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தபோது கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் இருந்து எதிர்த்த நாடு இது. அப்போது ஒத்துப்போகாதவர்கள் என்று பார்க்கப்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள். 2018இல் திருகோணமலையில் ஒரு பாடசாலையின் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயாவோடு வந்தது பெரிய சர்ச்சையானபோது, எங்கட தமிழ் ஆட்கள் பலர் அதைப் பாடசாலையின் பண்பாட்டுப் பிரச்சினையாகக் கதைத்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் கோயில்களில் இறந்தவர்களில் தமிழ்க் கிறிஸ்தவர்களும் ஏராளம். அதன் பிறகு அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகம் மூடுவது தடைசெய்யப்பட்டது. 2020இல் கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரிக்கும் விதி வந்தபோது, அடக்கம் செய்யும் உரிமையை இழந்தவர்கள் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும்தான்.

ஆகவே மதச்சார்பின்மை வேண்டும் எண்டு நாங்கள் கேட்கும்போது, எதைக் கேட்கிறோம் எண்டு தெளிவாக இருக்கவேண்டும். அரசின் கையைக் கட்டும் 1905 சட்டம் ஒரு வகை. ஒரு பிள்ளையின் உடுப்பை வாசலில் நின்று அளக்கும் சட்டம் இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். பாரிஸ் லா ஷாப்பல் தெருவில் வருசா வருசம் எங்கட பிள்ளையாரின் தேர் ஓடுவதும், வீதியில் தேங்காய் உடைவதும் முதல் வகையால்தான் முடிகிறது. நாளைக்கு யாராவது அந்தத் தேரைப் பார்த்து 'இது எங்கட நாட்டோட ஒத்துப்போகாது' எண்டு சொன்னால், எந்தச் சட்டத்தை நம்பி நாங்கள் பதில் சொல்வோம்? அதே சட்டம் முக்காடு போட்ட பிள்ளைக்கும் இருக்கவேண்டும் என்பதுதான் நான் கேட்பது.